டாப்ஸ்லிப் காட்டுக்குள்ள குடும்பத்தோட நடந்து போகலாமா?

உங்க கேள்விய மேலோட்டமா படிச்சா சின்ன கேள்விதான். டிசம்பர் லீவுல நீங்க, உங்க வீட்டுக்காரர், 64 வயசு அம்மா, ஒன்பது வயசு பையன் நாலு பேரும் பொள்ளாச்சிக்கு மேல ஆனைமலைக் காட்டுல இருக்குற டாப்ஸ்லிப் வர்றீங்க, வேன் சஃபாரி மட்டும் போனா போதுமா இல்ல டிரெக்கிங் ரூட்ல நடந்து போகலாமா, நடந்து போனா யானை புலியெல்லாம் பாக்கலாமா. ஆனா கடைசி வரியில "பாக்கணும், ஆனா கிட்ட வந்துடவும் கூடாது"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, நெஜமான கேள்வி அதுதான்னு நெனக்கிறேன். அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் படிச்சது காட்டுயிரியல், ஆனைமலை பக்கம் பல வருஷம் ட்ரான்செக்ட், அதாவது குறிச்சு வெச்ச நேர்கோட்டுப் பாதை, நடந்து கணக்கெடுப்பு வேலை பாத்திருக்கேன், நடந்ததுல பெரும்பாலும் ஊர்க்கார காடர், மலைமலசர் பழங்குடி ஆளுங்க பின்னாடிதான். கீழ சொல்றதுல பாதி அவங்க சொல்லிக் குடுத்தது.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். வேன்ல போறப்போ பத்தடி தூரத்துல யானை நின்னா அது அதிர்ஷ்டம். நடந்து போறப்போ அதே பத்தடியில யானை நின்னா அது அதிர்ஷ்டமே இல்லீங்க, ஏதோ தப்பா போயிடுச்சுன்னு அர்த்தம். நல்ல கைடு கூட நடந்தா நீங்க யானைய பாக்காம வர்றதுக்குத்தான் வாய்ப்பு அதிகம், ஏன்னா அவரு உங்களுக்கு முன்னாடியே மோப்பம் புடிச்சு, காது குடுத்துக் கேட்டு, "இப்படி வேண்டாம், அப்படிப் போலாம்"னு திருப்பிடுவாரு. அத "ஒண்ணுமே பாக்கல, காசு வேஸ்ட்"னு எடுத்துக்கிட்டா டிரெக்கிங் உங்களுக்கு ஒத்து வராது. மிருகம் பாக்கத்தான் வர்றோம்னா வனத்துறை வேன்லயே போங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. காட்டுமாடு, புள்ளிமான், காட்டுப்பன்றி, மயில் எல்லாம் டாப்ஸ்லிப் புல்வெளியிலயே காலைல சாயங்காலம் மேயும், கெஸ்ட் ஹவுஸ் திண்ணையில உக்காந்துட்டே பாக்கலாம்.

புலி விஷயம் இன்னும் சுருக்கமா சொல்றேன். ஆனைமலை 2007ல புலிகள் காப்பகம் ஆச்சு, புலி இருக்கு, அதுல சந்தேகமே இல்ல, கேமராவுல பதிவாகுது. ஆனா இது வடக்க இருக்குற காய்ஞ்ச காடு மாதிரி இல்ல, அடர்த்தி ஜாஸ்தி, பத்து மீட்டருக்கு மேல கண்ணு போகாத எடம் நெறைய. வருஷக்கணக்கா உள்ள வேலை பாக்குற வாட்சருங்களே கைவிட்டு எண்ணுற அளவுக்குத்தான் நேர்ல பாத்திருப்பாங்க. யாராவது லாட்ஜ் வாசல்ல நின்னு "கண்டிப்பா புலி காட்டறேன் சார்"னு சொன்னா அந்த ஆள விட்டு விலகிடுங்க.

அப்போ எதுக்கு நடக்கணும்னா, மிருகம் ராத்திரி என்ன பண்ணிட்டுப் போச்சுன்னு பாக்குறதுக்கு. இத வாயால சொன்னா புரியாது, ஒரு உதாரணம் தர்றேன். மண் ரோட்டுல யானைத் தடம் இருக்கும், முன்னங்கால் தடம் வட்டமா, பின்னங்கால் தடம் கொஞ்சம் நீளவாக்குல இருக்கும். மெல்லிய தூசியில பதிஞ்சிருந்தா பாதத்துல இருக்குற வெடிப்பு வெடிப்பான கோடு கூட அச்சு மாதிரி விழுந்திருக்கும், தடம் பழசாக ஆக அதுமேல எறும்பு போன கோடு, காத்துல விழுந்த சருகு, மழைத்துளி விழுந்த புள்ளி எல்லாம் ஏறிடும், அப்படி எதுவுமே இல்லாம கோடு தெளிவா இருந்தா கைடு பேச்ச நிறுத்திருவாரு. உங்க பையன் பாக்கெட்ல ஒரு ரெண்டு மீட்டர் நூலு போட்டு விடுங்க. முன்னங்கால் தடத்த சுத்தி நூல வெச்சு அளந்து அத ரெண்டால பெருக்கினா அந்த யானையோட தோள்பட்டை உயரம் கிட்டத்தட்ட வந்துரும், சுத்தளவு 125 சென்டிமீட்டர்னா யானை ரெண்டரை மீட்டர். இது சும்மா கதையில்ல, ஆராய்ச்சியிலயும் பயன்படுத்துற கணக்கு, கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும் அவ்வளவுதான். அதே மாதிரி லத்தி, அதாவது யானைச் சாணி. பளபளன்னு ஈரமா, பச்சை வாசனையோட, ஈ மொய்ச்சிட்டு இருந்தா யானை பக்கத்துலதான், வண்டு உருட்டிக் கொண்டு போய் உள்ள உதிரியா நார் மட்டும் இருந்தா பழசு. அதுல மூங்கில் நாரா, புல்லா, முழு விதையான்னு பாத்தா எங்க மேஞ்சிட்டு வந்துச்சுன்னு காடர்காரரு சொல்லுவாரு. யானை கணக்கெடுப்புல லத்திய எண்ணுறதும் ஒரு முறைதான், அதனால அருவருப்பு படாம குனிஞ்சு பாருங்க.

சின்னப் பசங்களுக்கு இது செம்மயா புடிக்கும், பெரியவங்கதான் ஃபோன எடுத்துட்டு நிப்பாங்க.

டாப்ஸ்லிப் காடு பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டு வந்தா நடக்குறது இன்னும் சுவாரசியமா இருக்கும். ரோட்டோரம் நீங்க பாக்கப் போற தேக்குக் காட்ட நெறைய பேரு ஆதிகாலத்துக் காடுன்னு நெனச்சுப்பாங்க, பெரும்பகுதி அப்படி இல்ல. வெள்ளைக்காரன் காலத்துல கப்பலுக்கும் ரயிலுக்கும் இங்க இருந்த தேக்க வெட்டி, மலை உச்சியில இருந்து சரிவுல உருட்டி விட்டு சமவெளிக்குக் கொண்டு போனாங்க, மலை மொட்டையாகுற அளவுக்கு வெட்டினாங்க. அப்புறம் 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஹியூகோ உட்னு ஒரு வன அதிகாரி வந்து திரும்ப தேக்கு வளர்த்தெடுத்தாரு, 1933ல இறந்தாரு, சமாதி அங்கயே தேக்குக்கு நடுவுலதான் இருக்கு, போய்ப் பாருங்க. அவரு கைத்தடியால குழி குத்திக் குத்தி விதை போட்டுக்கிட்டே நடப்பாருன்னு எல்லாரும் சொல்லுவாங்க. தேக்க திரும்ப வளர்த்தது உண்மை, கைத்தடி பகுதிய கதையா கேட்டுக்கோங்க. இந்தத் தேக்குக்கும் டாப்ஸ்லிப் பக்கத்துலயே இருக்குற கரியன்சோலைக்கும் உள்ள வித்தியாசத்த உடம்பே சொல்லும். தேக்குக்குள்ள வெளிச்சம், கால் வெச்சா சருகு சத்தம், கீழ உண்ணிச்செடி புதர். கரியன்சோலைக்குள்ள நுழைஞ்ச உடனே குளுகுளுன்னு ஆயிரும், வெளிச்சம் கொறஞ்சுரும், மரம் எல்லாம் அடியில பட்டை பட்டையா வேர் விட்டு நிக்கும், தரையில ஈரம். அது நட்டு வளர்த்த காடு இல்ல, பசுமைமாறா சோலை, பறவை பாக்குறவங்க அதுக்காகவே வர்றாங்க.

அங்க மேல ஒரு சத்தம் கேட்டா நின்னுடுங்க, பெரிய இருவாச்சி றெக்கை அடிச்சுப் போறது. பழைய நீராவி இன்ஜின் கெளம்புற மாதிரி புஸ் புஸ்னு வரும், பறவையப் பாக்குறதுக்கு முன்னாடியே சத்தம் வந்துரும். டிசம்பர் கடைசி, ஜனவரி வாக்குல பொட்டை இருவாச்சி மரப்பொந்துக்குள்ள போய் தன் எச்சத்தாலயும் பழச் சக்கையாலயும் வாசல அடைச்சுக்க ஆரம்பிக்கும், சின்ன விரிசல் மட்டும் விட்டு, அது வழியா ஆண் மாசக்கணக்குல அத்திப்பழம் கொண்டு வந்து ஊட்டும். அப்படி கூடு இருக்குற மரத்த கைடு காட்டினா தூரத்துல இருந்து பாத்துட்டு நகர்ந்துடுங்க, ஆளு நிக்கிறது தெரிஞ்சா ஆண் கூட்டுக்கு வராம சுத்திக்கிட்டே இருக்கும், உள்ள இருக்குறது பட்டினி. போட்டோ நல்லா வரலைன்னு இன்னும் ரெண்டு நிமிஷம் நிக்கிறவங்கள பாத்தா எனக்கு கோபம் வரும்.

இப்போ பர்மிஷன். நீங்களா ஒரு பாதையப் புடிச்சு நடக்குறது முடியவே முடியாது, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாம சரணாலயத்துக்குள்ள போறது குற்றம். 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீ ஞாபகம் இருக்கும், 23 பேர் செத்துப் போனாங்க, அதுக்கப்புறம் டிரெக்கிங்குக்கு தனி விதிமுறையே கொண்டு வந்தாங்க. 2024ல வனத்துறை ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 ரூட்ட ஆன்லைன் புக்கிங்ல தொறந்தது, அதுல டாப்ஸ்லிப்–பண்டாரவரை, கரியன்சோலை ரெண்டும் இருக்கு, பயிற்சி குடுத்த உள்ளூர் கைடுங்க கூட வருவாங்க. கட்டணம், எத்தனை மணிக்கு கெளம்பணும், பசங்களுக்கு வயசு வரம்பு இதெல்லாம் அப்பப்போ மாத்துவாங்க, அதனால நான் நம்பர் எதுவும் சொல்லல, புக் பண்றப்போ என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. ஒன்பது வயசு பையனோட போறீங்க, பண்டாரவரை ஏத்தத்துக்கு ஆசைப்படாம கரியன்சோலைய எடுங்க. தீ சீசன்ல, அதாவது பிப்ரவரி பாதியில இருந்து ஏப்ரல் பாதி வரைக்கும், ரூட்ட மூடிருவாங்க, உங்களுக்கு டிசம்பர்ங்கறதால பிரச்சனை இல்ல, ஆனா வடகிழக்குப் பருவமழை வால் புடிச்சிருந்தா கடைசி நேரத்துல கேன்சல் ஆகலாம்.

போற வழி பொள்ளாச்சியில இருந்து ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை. மொத்தம் சுமாரா 35 கிலோமீட்டர். சேத்துமடை செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்தி பிளாஸ்டிக் இருக்கான்னு பாப்பாங்க, பைக்க மேல விடமாட்டாங்க, காரோ பொள்ளாச்சி பஸ்ஸோதான். பஸ் டாப்ஸ்லிப் தாண்டி பரம்பிக்குளம் வரைக்கும் போகும், பரம்பிக்குளம் கேரளா, ஆனா போறதுக்கு வழி தமிழ்நாடு வழியாத்தான், ரெண்டு காப்பகத்துக்கும் தனித்தனியா டிக்கெட், இத தெரியாம டாப்ஸ்லிப் டிக்கெட்டுல அங்கயும் விடுவாங்கன்னு வந்து நிக்கிறவங்க நெறைய.

சரி, "கிட்ட வந்துடக்கூடாது" விஷயத்துக்கு வர்றேன். இந்தக் காட்டுல நடக்குறவங்களுக்கு முதல் ஆபத்து யானை, அடுத்தது தனியா திரியிற காட்டுமாட்டுக் காளை, அப்புறம் கரடி. புலி, சிறுத்தை எல்லாம் இந்த லிஸ்டுல ரொம்பக் கீழ. மூணுலயும் பிரச்சனை ஒண்ணுதான், அதுக்குத் தெரியாம நாம கிட்டப் போய் நிக்கிறது. அதனாலதான் முன்னாடி போறவரு திருப்பத்துல நின்னு கனைப்பாரு, இல்ல மரத்துல கத்தி முதுகால ரெண்டு தட்டு தட்டுவாரு. அவரு ஏன் சத்தம் போடறாரு, மிருகம் ஓடிருமேன்னு மொறைக்காதீங்க, ஓடணும்னுதான் தட்டறாரு. நீங்க அவர முந்திப் போகக்கூடாது, பையன் அவருக்கும் உங்களுக்கும் நடுவுல வரணும், கடைசியில இன்னொரு வாட்சர் வருவாரு. மூங்கில் முறியுற சத்தம், வயித்துக்குள்ள உறுமுற மாதிரி ஒரு அடித்தொண்டைச் சத்தம், மாட்டுக்கொட்டாய் மாதிரி ஒரு வாடை, இதுல எது வந்தாலும் கைடு கையத் தூக்குவாரு, அப்போ கேள்வி கேக்காம நிக்கணும், அவரு சொல்ற பக்கம் பேசாம பின்னாடி போகணும். காது அடிக்கிறத நிறுத்திட்டு யானை அசையாம நிக்குதுன்னா அது உங்களக் கேட்டுட்டு இருக்கு. தும்பிக்கைய மேல தூக்கினா மோப்பம் புடிக்குது. கொம்பனுக்கு கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல எண்ணெய் வடிஞ்ச மாதிரி கறை இருந்தா மதத்துல இருக்கு, அன்னைக்கு அந்தப் பக்கமே போகமாட்டாங்க.

யானை துரத்தினா வளைஞ்சு வளைஞ்சு ஓடு, சரிவுல எறங்கி ஓடு, யானையால எறங்க முடியாதுன்னு வாட்ஸ்அப்ல சுத்துறத நம்பாதீங்க. யானை நாம ஏற முடியாத சரிவெல்லாம் ஏறி எறங்குற மிருகம். உறுதியா தெரிஞ்சது என்னன்னா ஆசிய யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வரைக்கும் வேகமா போறத அளந்திருக்காங்க, காட்டுப்பாதையில பையனும் கூட இருக்கறப்போ உங்களால அந்த வேகத்துக்கு ஓட முடியாது. அப்படி ஒரு நெலமை வராம பாத்துக்கறதுதான் ஒரே வழி, வந்துட்டா வளைஞ்சு ஓடறது கைகுடுக்கும்னு சத்தியம் பண்றதுக்கு எங்கிட்ட ஆதாரம் இல்ல. ரோட்டுலயும் இதே கதைதான். 2025 பிப்ரவரியில வால்பாறை ரோட்டுல யானை நிக்குது போகாதீங்கன்னு மத்தவங்க எச்சரிச்சும் பைக்ல தாண்டிப் போகப் பாத்த வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் யானை அடிச்சு இறந்துட்டாரு. கார்ல வர்றப்போ யானை குறுக்க நின்னா ஹாரன் அடிக்காம, எறங்காம, தூரத்துலயே நிறுத்துங்க, பின்னாடி எடுக்க எடம் வெச்சுக்கோங்க.

டிரெஸ் பத்தி கேட்டிருந்தீங்க. பச்சை, காக்கின்னு தேடி அலைய வேண்டாம், மானு, யானை இதெல்லாம் செவப்பு பச்சைய நம்மள மாதிரி பிரிச்சுப் பாக்குறதில்ல, மங்கலான கலர் உதவுறது பெரும்பாலும் பறவைங்க விஷயத்துலதான். வாசனைதான் முக்கியம், சென்ட், பாடி ஸ்ப்ரே வேண்டாம், மல்லிப்பூவும் அன்னைக்கு ஒரு நாள் வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க. பழம், பிஸ்கட் கையில வெச்சுட்டு நடக்காதீங்க, டாப்ஸ்லிப்ல இருக்குற நாட்டுக்குரங்குக்கு கவர் சத்தம் கேட்டாலே போதும், அதுக்கு நம்ம ஆளுங்க தீனி போட்டுப் பழக்கினதுதான் காரணம்.

அட்டை பத்தி இவ்வளவு பயம் தேவையில்ல. டிசம்பர்ல மழை விட்டிருந்தா தேக்குல இருக்காது, சோலைக்குள்ள ஈரத்துல இருக்கும். லீச் சாக்ஸ் போட்டு பேன்ட்ட உள்ள விட்டுக்கோங்க. கடிச்சுருச்சுன்னா நகத்தால வாய்ப்பக்கம் சறுக்கி எடுத்துருங்க, நெருப்பு வைக்காதீங்க. அது ரத்தம் உறையாம இருக்க ஒண்ண செலுத்துறதால கொஞ்ச நேரம் ஒழுகிட்டே இருக்கும், பாக்கத்தான் பயங்கரமா இருக்கும். அம்மா ரத்தம் உறையாம இருக்குற மாத்திரை சாப்பிடுறாங்கன்னா மட்டும் அவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க, நான் டாக்டர் இல்ல.

அம்மாவுக்கு முட்டி வலின்னு எழுதியிருந்தீங்க, என்னக் கேட்டா அவங்கள நடக்க வைக்க வேண்டாம். நீங்க நடக்குற நேரத்துல உங்க வீட்டுக்காரர் அவங்கள கூட்டிட்டு வனத்துறை வண்டியில கோழிகமுத்தி யானை முகாமுக்குப் போகட்டும், சாப்பாட்டு நேரமா பாத்துப் போனா மாவுத்தருங்க களி உருண்டை உருட்டி வாயில குடுக்குறதப் பாக்கலாம். கலீம்னு கும்கி யானை பேரு கேள்விப்பட்டிருப்பீங்க, 99 ஆபரேஷன்ல வேலை பாத்து 2023ல ரிட்டையர் ஆனது, அது இந்த முகாம் யானைதான். அடுத்த நாள் நாலு பேருமா ஆழியாறு வழியா 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போங்க, புதுத்தோட்டம் பக்கம் ரோட்டோரமே சோலைமந்தி வரும், உலகத்துலயே மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும் இருக்குற கொரங்கு, ரோட்டுக்கு மேல அதுங்க கடக்குறதுக்கு கட்டி விட்டிருக்குற பாலத்தையும் பாக்கலாம். அம்மா ஒரு அடி கூட ஏற வேண்டியதில்ல. அங்கயும் தீனி மட்டும் போடாதீங்க.

கடைசியா ஒண்ணு, பெரும்பாலும் யாரும் சொல்லமாட்டாங்க. அன்னைக்கு ராத்திரி ரூமுக்கு வந்ததும் சுடுதண்ணியில சோப்பு போட்டுக் குளிச்சு, போட்டிருந்த துணியெல்லாம் தனியா கட்டி வெச்சுத் துவைச்சுருங்க, பையனுக்கு அக்குள், தொடை இடுக்கு, காது பின்னாடி உண்ணி இருக்கான்னு பாருங்க. புதர்லயும் புல்லுலயும் இருக்குற பொடிப் பூச்சி கடிச்சு ஸ்க்ரப் டைஃபஸ்னு ஒரு காய்ச்சல் வரும், தமிழ்நாட்டுல இருக்குற வியாதிதான், ஆனா கடிச்ச உடனே தெரியாது, ஒரு வாரம் ரெண்டு வாரம் கழிச்சு காய்ச்சல், தலைவலின்னு ஆரம்பிக்கும், சில பேருக்கு கடிச்ச எடத்துல தீப்பட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும், எல்லாருக்கும் இருக்காது. சரியான மருந்து சீக்கிரம் ஆரம்பிச்சா சாதாரணமா சரியாயிரும், விட்டுட்டா மோசமாகும். அதனால ஊருக்குப் போய் மூணு வாரத்துக்குள்ள யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் "டாக்டர், இந்தத் தேதியில காட்டுக்குள்ள நடந்தோம்"னு முதல்லயே சொல்லிடுங்க, அவங்களா கேக்க மாட்டாங்க.